எந்தக் கமரா சாட்சி சொல்லும்?

வைகாசிச் சடங்கின்போது எங்கள் தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோவிலிலே கண்ணகி வழக்குரை பாடக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சிலம்பு உடைபடும் கட்டம் நெருங்கியதும் சனம் பேச்சடங்கிப் போகும். அந்த அமைதி பக்தியால் வருவதென்று பெரியோர் சொல்வர், இருக்கலாம். எமக்கோ அவ்விடத்தில் ஆண்டுதோறும் வேறொரு கேள்வி எழுவதுண்டு. சிலம்பின் பரல் முத்தா, மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? கோவலன் உயிரோடிருந்தபோதே அந்தச் சோதனையை நடத்தியிருக்கலாமே! சான்றுப்பொருள் கைக்கெட்டும் தூரத்திலேதான் இருந்தது. அதனைப் பார்க்கவேண்டுமென்ற எண்ணம் மட்டுமே அதிகாரத்தில் இருந்தவனுக்கு இல்லை. கேள்விமுறை இன்றித் தண்டனை நடந்தது. சான்று பின்னால் வந்தது.

சான்று பிந்தி வருவதும், வராமலே போவதும் காப்பியத்தோடு முடிந்துபோன கதைகள் அல்ல. இக்கரையோரத்தில் 1990ஆம் ஆண்டினைக் கடந்து வந்த எவருக்கும் அது தெரியும். அவ்வாண்டு யூன் மாதத்தில், சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கானோர் திருக்கோவிலுக்கு அப்பாலுள்ள காட்டிலே விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். யூலை 12இல், கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் மக்கள் குருக்கள்மடத்தில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அதனைச் செய்தவர்களும் புலிகளே. ஆகஸ்ட் 3இல் காத்தான்குடியில் தொழுகையிலிருந்தோர் சுடப்பட்டனர். ஆகஸ்ட் 12இல் வீரமுனைக் கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழ் மக்கள் ஊர்காவற் படையினரின் கையில் மாண்டனர். இவற்றை ஒரே மூச்சில் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. தம் பக்கத்துப் பிணங்களை மட்டும் எண்ணிப் பழகியவர்கள் அவர்கள். நாம் அந்தக் கணக்கினை ஏற்பதற்கில்லை.

இங்கு நாம் சொல்லவந்தது வேறு. இந்த இடங்களில் எத்தனை இடங்களை உரிய காலத்தில் ஒருவர் அளந்து, படமெடுத்து, கையொப்பமிட்டு வைத்தார்? குருக்கள்மடத்து விடயம் 2014இல் களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றத்துக்கு வந்த பின்னரும் ஆண்டுகள் பல அகழ்வின்றியே கழிந்தன. காத்தான்குடி ஊரவர் ஒரு காரியம் செய்தார்கள். பள்ளிவாசற் சுவரிலே குண்டு துளைத்த இடங்களைப் பூசி மறைக்காது அப்படியே விட்டுவைத்தார்கள். கமரா எட்டாத காலத்தில் அந்தச் சுவரே படமாயிற்று.

கமரா எட்டிய இடத்தில் என்ன நடந்தது என்பதற்குத் திருகோணமலை சாட்சி. 2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி மாலை, கடற்கரையில் நின்ற மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். அவர்கள் தாமே கொண்டுவந்த கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்று படைத்தரப்பிலிருந்து முதலிற் சொல்லப்பட்டது. 'சுடர் ஒளி' பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் வைத்தியசாலைப் பிரேத அறைக்குச் சென்று, அவ்வுடல்களைப் படமெடுத்தார். படங்கள் அச்சாயின. கைக்குண்டு வெடித்தால் சிதறல்கள் உடலெங்கும் ஒழுங்கின்றிப் பாயும். துப்பாக்கி ரவை புகுந்த காயம் அப்படி இராது. தலையிலே பட்ட சூட்டுக் காயங்களை வாசகர் யாவரும் தம் கண்ணாலேயே கண்டுகொண்டனர். மரண பரிசோதனையும் துப்பாக்கிச் சூட்டினையே உறுதிசெய்தது. கைக்குண்டுக் கதை அத்துடன் முடிந்தது. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் புறப்பட்டு வீதியில் நின்ற சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் கொலை வழக்கில் எதிரிகளாக நிறுத்தப்பட்ட விசேட அதிரடிப் படையினர் 13 பேரும், போதிய சான்று இல்லையென 2019 யூலையில் விடுவிக்கப்பட்டனர்.

இந்த மூன்று செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது மனம் கசந்துபோவது இயல்பு. ஆயினும் ஒன்றைத் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். அந்தப் படங்கள் ஒரு கேள்விக்கு விடை சொல்லின: எப்படி இறந்தார்கள்? சுட்டது யார் என்பது அவற்றிடம் கேட்கக்கூடிய கேள்வியன்று. அதற்கு, கடற்கரையிலே அன்றிரவே வெற்றுத் தோட்டாக்கள் கிடந்த இடங்களையும், அவற்றுக்கிடையேயுள்ள தூரங்களையும், நின்றவர்களின் தடங்களையும் பதிவுசெய்யும் அதிகாரமும் கருவியும் நேர்மையும் உடையோர் தேவை. ஒவ்வொரு படமும் ஒரு கேள்விக்கே விடை. ஆகவே கருவியைத் தேர்வதற்கு முன்னர் கேள்வியைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

இதனைப் பேசும் நிலைமை எமக்கு எவ்வாறு வந்தது என்று வாசகர் கேட்கலாம். எம்மிடம் பள்ளியில் ஒளியியல் படித்த இருவர், ஒருவர் திருக்கோவிலைச் சேர்ந்த இளம் ஆசிரியர், மற்றவர் அக்கரைப்பற்றைச் சேர்ந்த சட்ட மாணவி, நண்பர்களிடம் பணம் சேர்த்துக்கொண்டு எம்மைத் தேடி வந்தார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன் எமது பகுதியில் ஓர் அரிசி ஆலையிலே இயந்திரத்தின் பெல்ட்டில் சிக்கிக் கூலித் தொழிலாளி ஒருவர் இறந்திருந்தார். ஆலையின் பெயர் இங்கு வேண்டாம். பெல்ட்டினை மூடியிருக்கவேண்டிய இரும்புக் காப்பு நெடுநாளாகவே இல்லை என்றனர் உடன் வேலைசெய்தோர். அன்று காலை அவரே கழற்றினார் என்றது நிருவாகம். யார் சொல்வது உண்மை என்பது நான்கு ஆணித் துளைகளில் இருந்தது. காப்பு அன்று கழற்றப்பட்டிருந்தால் துளையைச் சுற்றிய இரும்பு துலங்கியிருக்கும். பல மாதங்களுக்கு முன் கழற்றப்பட்டிருந்தால் துருவும் தவிட்டுத் தூசும் படிந்திருக்கும். அங்கிருந்த ஒரே படம், ஒருவர் கைத்தொலைபேசியில் பத்தடி தள்ளி நின்று எடுத்தது. பிளாஷ் வெளிச்சம் இரும்பிலே பட்டுத் தெறித்து, நான்கு துளைகளும் நான்கு கரும்புள்ளிகளாய் நின்றன. மறுநாள் தளம் கழுவப்பட்டுவிட்டது. புதுக் காப்பும் பூட்டப்பட்டாயிற்று. ஏழையின் மரணம் விபத்தென்று பெயர்பெறுவதற்கு நம் நாட்டில் அதிக நேரம் பிடிப்பதில்லை.

அவர்கள் கொண்டுவந்த பட்டியலைப் பார்த்தோம். புதிதாக வெளிவந்த கமரா ஒன்று. தொலைவிலுள்ள பறவையை எட்டிப் பிடிக்கும் நீண்ட வில்லை ஒன்று. பணம் மிஞ்சினால் பறக்கும் கமரா ஒன்று. "சேர், இதைவிட நல்லது இருந்தாச் சொல்லுங்க" என்றாள் அந்த மாணவி. "மகள், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி உன்னைக் கூண்டில் ஏற்றி என்ன கேட்பார் என்று முதலில் ஒரு தாளில் எழுது" என்றோம். எழுதினாள். எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்தாய்? தடத்தின் நீளம் என்னவென்று இந்தப் படத்தில் எப்படித் தெரியும்? நிறம் உண்மையானதா? 45ஆம் படத்துக்குப் பின் 47ஆம் படம் இருக்கிறது, 46 எங்கே? நீ எடுத்த நாள்முதல் இன்றுவரை இது யாரிடம் இருந்தது? ஐந்து கேள்விகளில் ஒன்றுக்காவது அந்த நீண்ட வில்லை பதில் சொல்லாது. பறவைக்குத்தான் அது உதவும்.

முதற் கேள்விகள் இரண்டும் அளவு பற்றியவை. இவை பழைய கேள்விகள். பாரிஸ் பொலிஸ் தலைமையகத்தில் அல்போன்ஸ் பெர்த்தியோன் என்பவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கமராவை உயரமான முக்காலியில் ஏற்றி, பிணத்தின் நேர்மேலே நின்று கீழ்நோக்கிப் பார்க்கச் செய்தார். படத்தை ஒட்டும் அட்டையின் ஓரங்களில் அளவுகோல் அச்சிட்டிருந்தார். பின்னால் வருபவன் படத்திலிருந்தே தூரத்தைக் கணிக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். லொசானில் 1909இல் தடயவியல் கற்பிக்கும் நிறுவனத்தைத் தொடங்கிய றெய்ஸ் என்னும் பேராசிரியர் அக்கலையை இன்னொரு களத்துக்குக் கொண்டுசென்றார். 1914இல் சேர்பியக் கிராமங்களில் ஒஸ்திரிய-ஹங்கேரியப் படைகள் குடிமக்களுக்கு இழைத்த கொடுமைகளை அவர் கமராவோடு சென்று பதிவுசெய்தார். கள்வனைப் பிடிக்கப் பிறந்த கருவி, படையைக் குற்றஞ்சாட்டவும் பயன்படும் என்பதை அப்போதே கண்டார்கள்.

எனவே பட்டியலில் முதலில் வரவேண்டியது கமரா அன்று, அடிமட்டம். தடயவியலார் கையாளும் 'எல்' வடிவ அடிமட்டம் ஒன்றுண்டு. அமெரிக்கப் பல்மருத்துவத் தடயவியலார் 1980களில் வகுத்தது. அதன் மூலைகளில் வட்டங்கள் அச்சிடப்பட்டிருக்கும். கமரா சற்றே சாய்ந்திருந்தாலும் படத்தில் வட்டம் முட்டை வடிவமாகிக் காட்டிக்கொடுத்துவிடும். மாணவரிடம் இதைச் சொல்லும்போது வகுப்பறை நினைவு வந்து கரும்பலகையில் ஒரு கணக்கும் போட்டோம். மணலில் பதிந்த பாதத்தின் ஆழம் 2 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். அடிமட்டத்தை மேற்பரப்பில் வைத்து, 1 மீற்றர் உயரத்திலிருந்து படமெடுக்கிறோம். பாதத்தின் அடி 102 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அடிமட்டமோ 100இல் இருக்கிறது. 28 சென்ரிமீற்றர்ப் பாதம் படத்தில் 27.5க்கும் சற்றுக் குறைவாகவே தெரியும். அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் பிசகு! ஒரு சப்பாத்தை இன்னொரு சப்பாத்தென்று சாதிக்க அது போதும். பக்கத்திலே சிறு குழி தோண்டி, தடத்தின் அடிமட்டத்திலேயே கோலையும் இருத்தவேண்டும் என்பது இதனாலேதான்.

இரண்டாவது, முக்காலி. மூன்றாவது, கமராவின் தலையிலிருந்து கழற்றி எட்டத்தில் பிடிக்கக்கூடிய பிளாஷ் விளக்கு. இதற்கு விளக்கம் தேடி நூல்களைப் புரட்டவேண்டியதில்லை. தம்பிலுவில் கடற்கரையே போதும். எமது கரை கிழக்கு நோக்கியது. சூரியன் கடலிலிருந்து எழும்போது, நண்டு ஓடிய தடம்கூட நிழல்பிடித்துத் தெளிவாய்த் தெரியும். உச்சி வேளையில் அதே மணல் வெறும் வெள்ளைத் துணி. கமராவோடு ஒட்டிய பிளாஷ் எப்போதும் உச்சிவெயில். கையில் பிடித்துத் தாழ்த்திய பிளாஷ் காலை வெயில். ஆலையின் நான்கு துளைகளை அது பேச வைத்திருக்கும். ஒரு பக்கத்திலிருந்து மட்டுமன்றி, நாற்புறமிருந்தும் மாற்றி மாற்றி வெளிச்சம் பாய்ச்சிப் பார்க்கவேண்டும். எந்தப் பக்கத்து நிழலில் உண்மை ஒளிந்திருக்கிறதென்று முன்கூட்டித் தெரியாது.

இனி வில்லையும் கமராவும். அகன்ற கோணத்து வில்லை அறையைப் பெருப்பித்து, ஓரங்களை இழுத்து, தூரத்தைப் பொய்யாக்கும். சிறிய உணரியுள்ள கமராவில் 35 மில்லிமீற்றர் வில்லை, முழு உணரியில் 50 மில்லிமீற்றர் செய்யும் வேலையைச் செய்து, கண் காணும் அளவினையே ஏறத்தாழத் தரும். நெருக்கத்தில் எடுக்கும் மைக்ரோ வில்லை வேறு தேவை. கையிலுள்ள பணமோ கொஞ்சம். ஆகவே இரண்டு வேலைக்கும் ஒன்றாக நிக்கொனின் 40 மில்லிமீற்றர் மைக்ரோ வில்லையைச் சொன்னோம். பத்தாண்டு பழைய, பிறர் பாவித்த கமரா உடல் ஒன்று அதற்குப் போதும். கெனன் வைத்திருப்போருக்கும் இணையான வில்லைகள் உண்டு. நிறுவனத்தின் பெயரில் எமக்குப் பற்றில்லை. வேண்டியது இதுதான்: துவாரத்தையும் நேரத்தையும் கையால் தீர்மானிக்க இடந்தரவேண்டும், உணரி கண்டதை மாற்றாத மூலப் பதிவாகச் சேமிக்கவேண்டும்.

கைத்தொலைபேசியை நாம் இழிவாகப் பேசவில்லை. முதலில் வந்து நிற்பவன் கையில் இருப்பது அதுதான். ஆனால் அது பல படங்களை ஒன்றாக்கி, இருளை வெளுப்பித்து, தோலை மெருகிட்டுத் தருகிறது. கண்டதோடு தன் ஊகத்தையும் சேர்த்துத் தருகிறது. வேறு வழியில்லாதபோது, பிளாஷை அணைத்து, இரண்டடி பின்னால் நின்று, பெருக்கத்தை இரண்டாக வைத்து, பக்கத்தில் வங்கி அட்டையைக் குப்புற வைத்து எடுக்கலாம். உலகெங்கும் அவ்வட்டை 85.6 மில்லிமீற்றர் நீளமே. ஆனால் முதற் படம் எதையும் தொடாமல், எதையும் வைக்காமல், கண்டது கண்டபடி எடுக்கப்பட வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, நாளும் நேரமும் உதிர்ந்துவிடும். கோப்பாக அனுப்பினால் தப்பும். பொலிஸார் நாடா கட்டிய எல்லைக்குள் எக்காரணங்கொண்டும் கால் வைக்கலாகாது. வெளியிலிருந்து வரும் ஒரு செருப்புத் தடம் குற்றவாளிக்குச் செய்யும் உதவி பெரிது.

எத்தனை படம்? ஊரைக் காட்டும் படம், வீட்டைக் காட்டும் படம், ஆளைக் காட்டும் படம் என்று மூன்று தூரம். நெருக்கப் படம் மட்டும் இருந்தால் அது எங்குள்ள துளையும் ஆகலாம். 1991இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட, மினசோட்டா நெறிமுறை என்று வழங்கும் கைந்நூல் இதனையே வற்புறுத்துகிறது. சட்டவிரோதக் கொலைகளை விசாரிப்பதற்காக எழுதப்பட்டு, 2016இல் புதுக்கப்பட்ட ஆவணம் அது. பிரேத பரிசோதனைப் படம் ஒவ்வொன்றிலும் அளவுகோல், வழக்கிலக்கம், நியம சாம்பல் நிறத் துண்டு ஆகியன இருக்கவேண்டும். எந்தக் கமரா, எந்த வில்லை, எந்த வெளிச்சம், எடுத்தவர் யார் என்பன அறிக்கையில் எழுதப்படவேண்டும் என்று 1991ஆம் ஆண்டு நூல் விதித்தது. சாம்பல் நிறத் துண்டு மிகச் சிறு செலவு. அது இல்லாவிடில், செம்மண்ணில் சிந்திய இரத்தம் மண்ணா, இரத்தமா என்று கூண்டிலே நின்று வாதாட நேரும்.

46ஆம் படத்துக்கு வருவோம். படம் மங்கிப்போயிற்றென்று யாரோ அதை அழித்திருப்பார்கள், நல்லெண்ணத்தோடு அழித்திருப்பார்கள். நீதிமன்றத்தில் நல்லெண்ணத்துக்கு இலக்கம் கிடையாது. மங்கலானாலும், விரல் மறைத்தாலும், ஒன்றையும் அழிக்கலாகாது. பெரிய மெமரி காட் ஒன்றுக்குப் பதிலாகச் சிறியவை பல வாங்கி, நிகழ்வு ஒன்றுக்கு ஒன்றென ஒதுக்கி, உறையிலிட்டு ஒட்டிக் கையொப்பமிடுவது நல்லது. படம் திருத்தப்படவில்லை என்பதற்குத் தாமே முத்திரையிடும் கமராக்கள் முன்னர் விற்பனைக்கு வந்தன. 2010இல் கெனன் முறையையும், 2011இல் நிக்கொன் முறையையும் ரஷ்ய நிறுவனம் ஒன்று உடைத்துக் காட்டியது. விலைகொடுத்து வாங்கிய முத்திரை உடைந்தது. இரண்டு பேர் கையெழுத்திட்ட கொப்பி உடையவில்லை. எமது நாட்டின் 1995ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டமும் கேட்பது அதுதான்: கருவி ஒழுங்காக இயங்கியதா, பதிவு மாற்றப்படவில்லையா, பாதுகாப்பாக வைக்கப்பட்டதா?

செம்மணியில் 2025இல் சித்துப்பாத்தி மயானத்தை அண்டி நீதவானின் மேற்பார்வையில் அகழ்வு நடந்தபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. பிள்ளையின் புத்தகப்பையும் விளையாட்டுப் பொம்மையும்கூட அங்கே கிடந்தன. ஆகஸ்டில் அப்பொருட்கள் மக்கள் அடையாளங் காணும்பொருட்டு வைக்கப்பட்டன. மண்ணுக்குள் கிடந்த நிலை எப்படி, எந்த எலும்பின்மேல் எது கிடந்தது என்பது, தூக்கி எடுத்த அந்த நொடியோடு உலகிலிருந்து மறைந்துபோகும். பின்னர் அது படத்தில் மட்டுமே வாழும். புத்தகப்பையை எத்தனை தரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அது கிடந்த கிடையை ஒரு தரமே பார்க்கலாம்.

உபகரணங்கள் வந்துவிட்டன. உப்புக்காற்றில் வில்லையினுள் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், காற்றுப் புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைத்திருக்கிறார்கள். விடியற்காலையில் கடற்கரையிலே தம் காலடித் தடங்களையே எடுத்துப் பழகுகிறார்கள். ஒரு விடயத்தில் மட்டும் இருவருக்கும் உடன்பாடில்லை. படங்கள் நீதிமன்றுக்கே உரியன, இறந்தவரின் முகம் வீதிக்கு வரக்கூடாது, அவர்களுக்கும் தாயும் பிள்ளையும் உண்டு என்கிறாள் மாணவி. சுகிர்தராஜன் தம் படங்களை உறையிலிட்டு உரிய அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டு இருந்திருந்தால், கைக்குண்டுக் கதைதானே இன்றும் நின்றிருக்கும் என்கிறார் ஆசிரியர். எம்மைக் கேட்டார்கள். முதற் பிரதி சட்டத்தரணியிடம் போகட்டும், முகநூலுக்கு ஒன்றும் போகவேண்டாம் என்றோம். உறையை வாங்கிக்கொள்ளும் கையே குற்றஞ்சாட்டப்பட்ட கையாக இருக்கும்போது மட்டும், குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பத்திரிகைக்குக் கொடுக்கலாம் என்றோம். அதனை ஆசிரியர் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதித் தம் கையெழுத்தையும் இட்டார். சம்மதம் கேட்கப் போகிறவர் யார், பிணத்தின் அருகே அழுதுகொண்டிருப்பவரிடம் எந்த வாயால் கேட்பது என்று எழுதும்வரை தான் ஒப்பமிடுவதற்கில்லை என்கிறாள் மாணவி. அவளுடைய இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.